பொன் காசும் பஞ்சாங்கமும்

நமது நாட்டில் அட்சய திருதியை என்பதாக ஒரு நாள் வருஷந்தோறும் வந்து போகின்றது. அன்று குன்றிமணி அளவு பொன்னாவது வாங்கி வைத்தால் அது வருஷம் முழுவதும் பெருகிக் கொண்டே இருக்கும் என்று பஞ்சாங்கக்காரர்களும், அவர்களைவிட அதிகமாக நகை வியாபாரிகளும் பிரசாரம் செய்து வருகின்றார்கள். இதை நம்பி மக்கள் விடியற்காலையிலேயே கடை வாசலில் வரிசையாய் நிற்கின்றார்கள். நகை வாங்கச் சக்தியில்லாதவர்கள் 1 கிராம் தங்கக் காசாவது, அதற்கும் வழியில்லாதவர்கள் லட்சுமி உருவம் பொறித்த வெள்ளிக் காசாவது வாங்கிக் கொண்டு திரும்புகின்றார்கள். கடன் வாங்கி வந்து நிற்பவர்களும் அவ்வரிசையில் இல்லாமலில்லை.

பொன்னையோ வெள்ளியையோ வாங்கவே கூடாது என்பது நமது வாதமல்ல. பாடுபட்டுச் சேர்த்த பணத்தை மனிதன் எதிலாவது போட்டு வைக்கத்தான் வேண்டும். நாம் கேட்பதெல்லாம், மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிற குடியானவன், பொன் வாங்கும்போது மாத்திரம் நாளைப் பார்ப்பானேன் என்பதுதான்.

அன்று வாங்கினவனுக்குப் பொன் பெருகும் என்பது உண்மையானால், அன்று விற்றவனுக்குக் குறையத்தானே வேண்டும்? அப்படியிருக்க, கடைக்காரர் அன்று கதவை அடைத்துக் கொண்டு வீட்டில் இருக்காமல், விடியுமுன்னே கடையைத் திறந்து வைத்துக் கொண்டு, பத்திரிகைகளில் பக்கம் பக்கமாய் விளம்பரமும் போட்டு ஏன் விற்கின்றார்? அவருக்கு அந்தச் சாஸ்திரம் தெரியாதா? தெரியும். அன்று யாருக்குப் பெருகும் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாய்த் தெரியும்.

நிற்க, காசு என்பது என்ன என்று சற்று யோசித்துப் பார்ப்போம். நாம் சவரன் என்று சொல்லும் 8 கிராம் கணக்கே, இங்கிலாந்து அரசாங்கத்தார் அடித்த ‘சாவரின்’ என்னும் பொன் காசிலிருந்து வந்ததாகும். அக்காசின் எடை 7.988 கிராம், மாற்று 22 காரட், அதில் அடங்கிய சுத்தப் பொன் சுமார் 7.32 கிராம். 1918-ம் வருஷத்தில் அது பம்பாயிலும் அடிக்கப்பட்டது. உலகமெங்கும் அதைக் கைநீட்டி வாங்கினார்களென்றால், அதன்மேல் இருந்த அரசன் தலைக்காக அல்ல. எடையும் மாற்றும் குறையாது என்பதற்கு அந்த முத்திரை சாட்சியாய் இருந்ததற்காகவே வாங்கினார்கள். ஆகவே முத்திரை என்பது எடைக்கும் மாற்றுக்கும் சாட்சியே தவிர வேறல்ல. அப்படியானால் லட்சுமி உருவம் எதற்குச் சாட்சி? அந்தக் காசை விற்கக் கொண்டு போய்ப் பாருங்கள். கடைக்காரர் தராசில் போடுவார், உரைத்துப் பார்ப்பார், பிறகு உலையில் போட்டு உருக்கி விடுவார். லட்சுமிக்கென்று ஒரு காசு கூட்டித் தரமாட்டார்.

இனி வரவு செலவைப் பார்ப்போம். 100 ரூபாய் பெறுமான பொன்னுள்ள ஒரு சிறு காசுக்குச் செய்கூலி 5 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். இந்த 105 ரூபாய்க்கும் நூற்றுக்கு 3 வீதம் சர்க்கார் வரி சேரும். ஆக, கையை விட்டுப் போவது 108 ரூபாய்க்கு மேல். மறுநாளே பணமுடை வந்து அதை விற்கப் போனால், கடைக்காரர் 3 ரூபாய் கழித்துக் கொண்டு 97 ரூபாய் தருவார் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரே இரவில் 11 ரூபாய் போய்விட்டது. போட்ட பணம் திரும்பி வரவே விலை நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் ஏற வேண்டும். காசு சிறியதாக ஆக, செய்கூலியின் வீதமும் பெரிதாகும். எனவே 50 கிராம் வாங்குகிற பணக்காரரைவிட 1 கிராம் வாங்குகிற கூலிக்காரனே கிராம் ஒன்றுக்கு அதிகம் கொடுக்கின்றான். வெள்ளிக் காசிலோ வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள தூரம் இன்னும் அதிகம். அட்சயம் என்றால் குறையாதது என்று அர்த்தம் சொல்லுகிறார்கள். வாங்கின அன்றே குறைகிற பொருளுக்கு இந்தப் பெயர் பொருந்துமா என்று வாசகர்களே யோசிக்கட்டும்.

‘விலைதான் ஏறிக்கொண்டே போகிறதே’ என்று சிலர் சொல்லலாம். ஏறியிருப்பது உண்மைதான். ஆனால் எப்பொழுதும் ஏறிக்கொண்டேதான் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

1893-ம் வருஷம் வரையில் வெள்ளியைச் சர்க்கார் நாணயச் சாலையில் கொடுத்து யாரும் ரூபாயாக அடித்துக் கொள்ளலாம். வெளிநாடுகளில் வெள்ளி விலை விழுந்து போகவே, அவ்வருஷம் ஜூன் மாதம் சர்க்கார் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். அடித்த ரூபாய்க்கு மதிப்பு நின்றது; அடிக்காத வெள்ளிக்கு மதிப்பு போய்விட்டது. 1896-97 பஞ்சத்தில் பெண்டுபிள்ளைகளின் தண்டையையும் காப்பையும் விற்கப் போன குடியானவனுக்கு எடைக்கு எடை ரூபாய் கிடைக்கவில்லை. எந்தக் கஷ்ட காலத்திற்கென்று வெள்ளியைச் சேர்த்து வைத்தானோ, அந்தக் கஷ்ட காலத்திலேயே அது அவனைக் கைவிட்டது.

பொன்னின் கதையும் இப்படியே. அமெரிக்காவில் 1933-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மக்களிடமிருந்த பொன் காசுகளை அரசாங்கத்திடம் ஒப்படைக்கும்படி உத்தரவு போட்டார். ஒரு அவுன்சுக்கு 20 டாலர் 67 செண்டாக இருந்த விலை மறுவருஷமே 35 டாலராக்கப்பட்டது. ஒப்படைத்தவர்களுக்கு அந்த லாபம் இல்லை. பிறகு 1980 ஜனவரியில் அவுன்சு 850 டாலராக ஏறியது. இனி இறங்காது என்று அன்று வாங்கினவர்கள், 1999-ல் அது 250 டாலருக்குச் சமீபமாக இறங்கியதைப் பார்த்தார்கள். பழைய 850 டாலரை அது மறுபடி எட்டிப் பிடிக்க 2008-ம் வருஷம் ஆயிற்று. இடையில் நமது ரூபாயின் மதிப்பு இறங்கிக் கொண்டே வந்ததால், இங்கே அந்த நஷ்டம் வெளியே தெரியாமல் மறைந்து நின்றது.

பொன் விலையை ஏற்றுவதும் இறக்குவதும் யுத்தம், வட்டி, டாலர், சர்க்கார் வரி, உலக வியாபாரிகளின் கொள்வினை விற்பனை ஆகியவைகளே. லண்டனில் வாரத்தின் வேலை நாட்களில் தினம் இருமுறை ஏலத்தின் மூலம் விலை தீர்க்கிறார்கள். அங்கே திதியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. கோலார் சுரங்கமும் 2001-ல் மூடப்பட்டு விட்டபடியால், நாம் வாங்கும் பொன்னில் மிகப் பெரும் பாகம் அந்நிய நாடுகளிலிருந்தே வருகின்றது. அந்தப் பொன்னுக்கு நமது பஞ்சாங்கம் எப்படித் தெரியும்?

ஆதலால் வாங்குகிறவர்கள் வியாபாரியைப்போல் வாங்குங்கள். அன்றைய விலை என்ன, செய்கூலி என்ன, திருப்பி வாங்கும்போது என்ன கழிப்பாய் என்று முதலிலேயே கேளுங்கள். 999 என்றோ 995 என்றோ மாற்றைக் குறிக்கும் முத்திரையைப் பாருங்கள். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். சேமிப்புக்கென்றால் சேதாரமும் கல் எடையும் சேரும் நகையைவிடக் காசு மேல். சிறு காசுகள் பலவற்றைவிடப் பெரிய காசு ஒன்று மேல். எல்லாப் பணத்தையும் இதிலேயே முடக்காதீர்கள். பெட்டியில் கிடக்கும் பொன் வட்டி தராது. கடன் வாங்கிப் பொன் வாங்குவதோ, வட்டி கொடுத்து இரும்பைப் பூட்டி வைப்பதற்குச் சமானம்.

பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘பெண்ணுக்குத்தான் பொன் போட்டோமே, சொத்து எதற்கு?’ என்று சொல்லியே நெடுங்காலம் அவர்களை ஏமாற்றி வந்தார்கள். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. தமிழ்நாட்டில் சட்டம் வர 1989 ஆயிற்று. இந்தியா முழுவதற்கும் 2005 ஆயிற்று. ஆகவே மகளுக்கு வாங்கும் காசை அவள் பெயரில் ரசீது எழுதி அவள் கையில் கொடுங்கள். அதைச் சொல்லி அவள் பாகத்தைக் குறைக்காதீர்கள்.

அடுத்த அட்சய திருதியை வரும்போது வரிசையில் போய் நிற்காமல், அந்தப் பணத்தைக் கையில் வைத்துக் கொண்டு ஒரு நாள் பொறுத்திருங்கள். மறுநாள் அதே கடைக்குப் போய், கூட்டமில்லாத நேரத்தில், தராசின் முள்ளையும் ரசீதையும் நிதானமாய்ப் பார்த்து வாங்குங்கள். பொன் அதே பொன்னாகத்தான் இருக்கும். புத்தி மாத்திரம் உங்களுடையதாக இருக்கும்.