ஜேடிதிக்குக் கடிவாளம் போட்டால் சம்பள பாக்கி தீருமா?

சுபாங் ஜெயா எஸ்எஸ்15இல் வகுப்பு முடிந்து மாமாக் கடையில் உட்கார்ந்தால், எங்கள் பேச்சு எப்படியும் காற்பந்துக்கு வந்துவிடும். மலேசியா சூப்பர் லீக் என்றால் மட்டும் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். “எப்படியும் ஜேடிதிதானே” என்று ஒருவன் சொல்வான். அடுத்தவன் தே தாரேக்குக் கை காட்டுவான்.

2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து 11 முறை ஜொகூர் டாருல் தக்சிம்தான் சாம்பியன். அதற்கு முந்தைய 10 பருவங்களில் பகாங், பெர்லிஸ், நெகிரி செம்பிலான், கெடா, சிலாங்கூர், கிளந்தான், சிங்கப்பூரின் லயன்ஸ் 12 என 7 குழுக்கள் வென்றன. பெர்லிஸ்கூட வென்றிருக்கிறது என்றால் இன்று யாரும் நம்புவதில்லை.

சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தால் போட்டி சமமாகும் என்று நானும் வாதாடியவன்தான். ஐபிஎல்லைப் பாருங்கள்: 2025 பருவத்துக்கு ஒவ்வொரு குழுவும் 120 கோடி ரூபாய்க்குள்தான் ஆட்டக்காரர்களை எடுக்க முடிந்தது. அமெரிக்க பேஸ்பாலில் அப்படி வரம்பு இல்லை, எல்லை தாண்டினால் வரி மட்டுமே. ஒஹ்தானியை 70 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்த டோட்ஜர்ஸ் 2024, 2025 இரண்டிலும் வென்றது. ஆனால் அங்கே உச்சவரம்பைத் திணிக்கப் பார்த்தபோது 1994இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; அந்த ஆண்டின் இறுதித் தொடரே ரத்தானது. வரம்பு என்பது தொழிலாளியின் ஊதியத்தில் கை வைப்பது என்பது அவர்கள் வாதம்.

நம் கதை வேறு. 2025-26 பருவத்தில் பேராக், ஸ்ரீ பகாங், கெடா மூன்றும் லீக்கில் இல்லை. கெடா அதற்கு முன்பே சம்பள பாக்கியால் புள்ளிகளை இழந்த குழு. ஜேடிதி அதிகம் கொடுத்ததால் கெடா ஆட்டக்காரருக்குச் சம்பளம் நின்றதா? ஜேடிதியைத் துரத்தப் போய்த்தான் மற்றவர்கள் கையை மீறிச் செலவு செய்தார்கள் என்று நண்பன் சொல்கிறான். பாதி உண்மை. ஆனால் வருமானமே இல்லாத கிளப், வரம்புக்கு உட்பட்ட சம்பளத்தையும் கொடுக்காது. ஐபிஎல்லில் ஒளிபரப்புப் பணம் எல்லாருக்கும் பங்கு போகிறது. வரம்பு அந்தப் பணத்தின் மேல் நிற்கிறது. இங்கே அடித்தளமே இல்லாமல் கூரை கேட்கிறோம். தவிர, ஆசியப் போட்டியில் ஜப்பானியக் கிளப்புகளோடு மோதும் ஜேடிதியை நாமே இறக்கிவிட்டு என்ன பயன்?

ஸ்பெயின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு கிளப்பும் தன் வருமானத்துக்கு ஏற்றபடிதான் ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யலாம். 2021இல் பார்சலோனாவால் மெஸ்ஸியையே வைத்துக்கொள்ள முடியவில்லை. பருவம் தொடங்கும் முன்பே சம்பளப் பணத்தைக் காட்டு, பிறகு ஒப்பந்தம் போடு. அவ்வளவுதான்.

மீஃபாவிலிருந்து வளர்ந்த பிஜே சிட்டி நினைவிருக்கிறதா? பி. மணியம் பயிற்சியில், கடைசிக் காலத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் எவரும் இல்லாமல் சூப்பர் லீக்கில் தாக்குப்பிடித்த குழு. சாம்பியன் ஆகவில்லை. 2022 பருவத்தோடு விலகியது. நம் பையன்களுக்கு ஒரு வாசல் அடைபட்டது.

என் பெரியப்பா மகன் ஒரு சிறிய கிளப்பில் தற்காப்பு ஆட்டக்காரர். மாதம் 2,500 வெள்ளி பேசினார்கள். மூன்று மாதம் வரவில்லை. எந்த உச்சவரம்பும் அவரை எட்டியிருக்காது. இப்போது கிள்ளானில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். ஒப்பந்தக் கடிதத்தை இன்னும் கோப்பில் வைத்திருக்கிறார்.