விசாரிக்காமல் ஒப்படைக்க மறுத்த மன்னர்



அபிசீனிய ஹிஜ்ரத்தைப் பாடமாக நடத்தும்போது, நஜ்ஜாஷி மன்னர் முஸ்லிம்களுக்குப் புகலிடம் தந்தார் என்பதை மட்டுமே மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்கிறார்கள். அதற்கு முன்பு அவர் செய்த ஒரு காரியத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் அழுத்திச் சொல்வதுண்டு. குறைஷியரின் தூதர்கள் முதலில் அரசவைப் பாதிரிமார்களுக்குப் பரிசுகள் வழங்கினார்கள். வந்தவர்களின் பேச்சைக் கேட்காமலேயே அவர்களைத் தம்மிடம் ஒப்படைக்கச் செய்வதே அவர்களின் திட்டம். பாதிரிமார்களும் அவ்வாறே பரிந்துரைத்தார்கள். மன்னரோ சினம் கொண்டார். விசாரிக்காமல் ஒப்படைக்க முடியாது. குற்றச்சாட்டு உண்மையானால் ஒப்படைப்பேன், இல்லையேல் காப்பேன் என்பதே அவர் முடிவு. அதன் பின்னரே ஜஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்கள் பேசினார்கள்.

ஆக, புகலிடத்திற்கு முன்பே அவர்களுக்குக் கிடைத்தது, தம் தரப்பை எடுத்துரைக்கும் உரிமை.

இந்த உரிமையை ஒரு சட்டம் எவ்வாறு சுருக்கிவிடக்கூடும் என்பதற்குப் பிரிட்டன் அண்மைக்காலச் சான்று. உள்நாட்டுப் போர்க் காலத்தில் இலங்கைத் தமிழர் பலர் புகலிடம் கோரிச் சென்ற நாடு அது. 2022 ஏப்ரலில், புகலிடம் கோருவோரில் ஒரு பகுதியினரை ஆப்பிரிக்காவின் ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை அந்நாட்டு அரசு அறிவித்தது. 2023 ஜூலையில் நிறைவேறிய சட்டம், சிறு படகுகளில் கடல் கடந்து வருவோரின் கோரிக்கைகள் விசாரணைக்கே ஏற்கத்தக்கவை அல்ல என்று வகுத்தது. ஒரு கோரிக்கையை ஆராய்ந்து நிராகரிப்பது வேறு. ஆராயவே மறுப்பது வேறு. வெளியேற்றத்தைத் தடுக்கக் கோரும் மனுவுக்கு அச்சட்டம் குறித்த காலம் 8 நாட்கள். மொழி அறியாத ஒருவர் அதற்குள் வழக்கறிஞரைத் தேடி, மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, சான்றுகளைத் திரட்டுவது எங்ஙனம்?

2023 நவம்பர் 15 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ருவாண்டா திட்டம் சட்டத்திற்குப் புறம்பானது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். உண்மையான அகதிகளும் அங்கிருந்து தம் சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்படும் ஆபத்து இருப்பதை அவர்கள் சான்றுகளிலிருந்து கண்டார்கள். 2024 ஏப்ரலில் அரசு புதிய சட்டம் கொண்டுவந்தது: ருவாண்டா பாதுகாப்பான நாடு என்றே நீதிமன்றங்கள் கொள்ள வேண்டும். தனிநபரின் சொந்தச் சூழல் குறித்த வலுவான சான்றுக்கு மட்டும் குறுகிய விலக்கு இருந்தது. ஆனால், ருவாண்டா தம்மை வேறு நாட்டுக்கு அனுப்பிவிடும் என்ற வாதத்தை, அதாவது உச்ச நீதிமன்றம் ஏற்ற அதே வாதத்தை, எழுப்பவே வழியில்லை. நீதிபதியின் இருக்கை அப்படியே இருந்தது. அவருடைய செவி மட்டும் சட்டத்தால் அடைக்கப்பட்டது.

2024 ஜூலையில் ஆட்சி மாறியது, திட்டம் கைவிடப்பட்டது. எனினும், இத்தகைய சட்டத்தை ஒரு நாடாளுமன்றம் இயற்ற முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

எல்லையைக் காப்பது அரசின் கடமை அல்லவா, பொய் சொல்லி வருவோர் இல்லையா என்று சிலர் வினவுவர். இரண்டும் உண்மையே. ஆனால் பொய்யரையும் மெய்யரையும் பிரித்தறிய விசாரணையைத் தவிர வேறு வழி எது? நஜ்ஜாஷி எல்லாரையும் ஏற்பதாக வாக்களிக்கவில்லை. கேட்பதாக மட்டுமே வாக்களித்தார்.

நம் நாடு 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கில்லை. ஆயினும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு, உயிருக்கும் உடல்சார் சுதந்திரத்திற்கும் தரும் பாதுகாப்பைக் குடிமக்களோடு நிறுத்தாமல் எல்லா மனிதருக்கும் தருகிறது. அதைப் பேணுமாறு கோருவது நம் உரிமை.

யமனுக்கு நீதிபதியாகச் சென்ற அலீ (ரலி) அவர்களுக்கு, இரு தரப்பையும் கேட்காமல் தீர்ப்பளிக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அகதிகளை ஏசும் செய்தி கைபேசியில் வந்தால், அதைப் பிறருக்கு அனுப்புமுன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இவர்கள் பேச யாரேனும் இடம் கொடுத்தார்களா? அவர்கள் முஸ்லிம்களாயினும் அல்லராயினும் இக்கேள்வி ஒன்றே. அன்று அபிசீனியாவில் நின்றவர்கள் நம் முன்னோர். அவர்களைக் கேட்டவரோ அப்போது ஒரு கிறிஸ்தவ மன்னர். அந்தக் கடனை நாம் மறக்கலாகாது.