125 கட்டுரை, ஒரே ஆசிரியர்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு எழுத்துப் பாடம் ஏன் ஓயாத சண்டையாக இருக்கிறது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு வகுப்பில் 25 மாணவர்கள். ஓர் ஆசிரியருக்கு ஐந்து வகுப்புகள். ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் மொத்தம் 125. ஒன்றைப் படித்து, குறிப்பு எழுதித் திருத்த 15 நிமிடம் என்றாலே 31 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். பாடம் நடத்தும் நேரம் இதில் சேராது. இதேபோல ஒரு பருவத்தில் மூன்று, நான்கு முறை நடக்கும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'ஃபர்ஸ்ட் இயர் ரைட்டிங்' எனப்படும் முதலாண்டு எழுத்துப் பாடம் பற்றிய சண்டை பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வந்து நிற்கிறது. பொறியியல், வணிகம், உயிரியல் என எதைப் படிக்கச் சேர்ந்தாலும் பெரும்பாலான இடங்களில் இந்தப் பாடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். எல்லோருக்கும் கட்டாயமான இந்தப் பாடத்தை நடத்துபவர்களுக்கு மட்டும் வேலை நிச்சயம் இல்லை. ஏன் இப்படி?

இந்தப் பாடம் எப்படி வந்தது?

ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1874-ல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைச் சேர்த்தது. நல்ல பள்ளிகளில் படித்து வந்த பையன்களே தடுமாறினார்கள். 1879-ல் தேர்வு எழுதியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் தேறவில்லை. 1885-ல் 'இங்கிலிஷ் ஏ' என்ற பாடம் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டாயமானது. மற்ற கல்லூரிகளும் இதையே பின்பற்றின.

பள்ளியில் சரியாகக் கற்றுத் தராததைச் சரிசெய்யும் தற்காலிக ஏற்பாடாகத்தான் பலர் இதைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை இன்னும் முழுசா மாறவில்லை என்பதுதான் பிரச்னையின் வேர். தற்காலிகப் பாடம் என்றால் தற்காலிக ஆசிரியர் போதும் என்ற எண்ணம் அதோடு ஒட்டிக்கொண்டது.

யார் நடத்துகிறார்கள்?

முக்கியமாக இரண்டு தரப்பினர். ஒன்று, முதுநிலை அல்லது முனைவர் பட்ட மாணவர்கள். தங்கள் படிப்புச் செலவுக்கு ஈடாக இவர்கள் வகுப்பு எடுக்கிறார்கள். இரண்டாவது, ஒப்பந்த ஆசிரியர்கள். இவர்களில் பலருக்கு வகுப்புக்கு இவ்வளவு என்றுதான் சம்பளம். நம்ம ஊர் கௌரவ விரிவுரையாளர்களின் நிலைமை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். காலையில் ஒரு கல்லூரி, மாலையில் இன்னொன்று என்று காரிலேயே அலையும் இவர்களுக்கு 'ஃப்ரீவே ஃப்ளையர்' என்றே பட்டப்பெயர் உண்டு.

'டென்யூர்' எனப்படும் நிரந்தரப் பணியில் இருக்கும் பேராசிரியர்கள் பெரும்பாலும் இலக்கியப் பாடங்களை எடுத்துக்கொள்கிறார்கள். இது எழுத்துப் பாடத்தோடு நிற்கும் கதையும் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் கணக்குப்படி, நிரந்தரப் பணிக்கு வெளியே இருக்கும் ஆசிரியர்கள் 1987-ல் 47 சதவீதம். 2021-ல் 68 சதவீதம்.

எத்தனை மாணவர்கள் சரி?

எழுத்துப் பாட ஆசிரியர்களின் தேசிய அமைப்பு 1949-ல் உருவானது. கல்லூரி எழுத்து மற்றும் தொடர்பியல் மாநாடு என்பது அதன் பெயர். அது 1989-ல் வெளியிட்ட நெறிமுறைகள் தெளிவாகவே இருக்கின்றன: ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 பேர் என்றால் நல்லது. ஓர் ஆசிரியருக்கு ஒரு பருவத்தில் மொத்தம் 60 மாணவர்களுக்கு மேல் கூடாது.

நடைமுறை? அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2014 டிசம்பரில் எழுத்துப் பாட ஆசிரியர்களிடம், அடுத்த கல்வியாண்டு முதல் பருவத்துக்கு நான்கு அல்ல, ஐந்து வகுப்பு எடுக்க வேண்டும் என்றது. அவர்களின் ஆண்டு ஊதியம் 32,000 டாலர் அளவில்தான் இருந்தது. எதிர்ப்பு நாடு முழுக்கப் பேசப்பட்ட பிறகே ஊதியத்தை உயர்த்த நிர்வாகம் முன்வந்தது.

என்ன நடத்துவது என்பதிலும் சண்டையா?

ஆமாம். அதில் அதிகம் பேசப்பட்டது ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1990-ல் நடந்தது. லிண்டா பிராட்கி தலைமையிலான குழு, முதலாண்டு எழுத்துப் பாடத்துக்குப் புதிய பாடத்திட்டம் தயாரித்தது. பாகுபாடு தொடர்பான நீதிமன்றத் தீர்ப்புகளைப் படித்து, அவற்றின் வாதங்களை ஆராய்ந்து எழுதப் பழக்குவது அதன் நோக்கம்.

'இது எழுத்துப் பாடமா, அரசியல் பாடமா?' என்று பேராசிரியர்களிலேயே ஒரு பகுதியினர் கேட்டார்கள். எதைப் பற்றியும் பேசாமல் வாதத்தை மட்டும் எப்படிக் கற்றுத் தருவது என்பது மறுதரப்பின் கேள்வி. 1990 ஜூலையில் நிர்வாகம் திட்டத்தைத் தள்ளிப்போட்டது. 1991 பிப்ரவரியில் குழு ராஜினாமா செய்தது.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. அதே ஆங்கிலத் துறை 1985-ல் மேல்வகுப்பு எழுத்துப் பாடத்தை நிறுத்திவிட்டு, ஒப்பந்த விரிவுரையாளர்கள் பலரை வேலையிலிருந்து அனுப்பியிருந்தது. பாடத்திட்டச் சண்டை நடந்தபோது அந்த வகுப்புகளைக் கையில் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்கள்தான். என்ன நடத்துவது என்று பெரியவர்கள் மோதினார்கள்; நடத்துபவர்களுக்கு அதில் பெரிதாகக் குரல் இல்லை. 'என்ன பாடம்', 'யார் ஆசிரியர்' என்று இரண்டு சண்டைகள் போலத் தெரிந்தாலும் முடிச்சு ஒன்றுதான்.

அப்போ பாடத்தையே எடுத்துவிட்டால்?

அப்படிக் கேட்டவர்களும் உண்டு. இந்தத் துறையிலேயே மதிக்கப்பட்ட ஷரன் க்ரௌலி, 1990-களில் கட்டாயத்தை நீக்கச் சொன்னார். எல்லோருக்கும் கட்டாயம் என்பதால்தான் இத்தனை ஆயிரம் வகுப்புகள் தேவைப்படுகின்றன; அவற்றை நிரப்பத்தான் மலிவான உழைப்பு தேவைப்படுகிறது என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி.

எதிர்வாதமும் லேசானது அல்ல. பெரிய பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர், நூற்றுக்கணக்கானோர் உட்காரும் அரங்கத்தில் ஒருவராகத் தொலைந்துபோவார். பல நேரம் அவர் பெயரை ஞாபகம் வைத்திருக்கும் ஒரே ஆசிரியர் எழுத்து வகுப்பு ஆசிரியர்தான். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவருக்கு அதுவும் போனால்?

ஏஐ வந்ததும் என்ன மாறியது?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. கட்டுரையை மெஷினே எழுதிவிடும், பிறகு எதற்கு இந்த வகுப்பு என்ற கேள்வியும் கூடவே வந்தது. ஆனால் மாணவர் தானே யோசித்து எழுதினாரா என்று எப்படித் தெரியும்? வரைவு வரைவாகப் பார்த்து, கூப்பிட்டுப் பேசினால் தெரியும். அதற்குத் தேவை நேரம். 125 மாணவர்கள் உள்ளவரிடம் இல்லாதது அதுதான்.

தீர்வு உண்டா?

ஓரளவு உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சுமார் 6,500 விரிவுரையாளர்கள் 2021 நவம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது நிர்வாகம் உடன்பாட்டுக்கு வந்தது. ஊதியம் உயர்ந்தது. அதைவிட முக்கியம், பல ஆண்டுகளுக்கான பணி நியமனத்துக்கு வழி பிறந்தது. எழுத்துப் பாடம் நடத்தும் பலரும் இதில் அடக்கம்.

அடுத்த பருவம் வேலை இருக்குமா என்று தெரியாதவர், புதிதாக எதையும் முயற்சி செய்து பார்க்க யோசிப்பார். வேலை நிலைத்தால்தான், பாடத்திட்டம் பற்றிய விவாதத்தில் அவர் எழுந்து நின்று பேச முடியும். 1885-ல் தற்காலிகமாகத் தொடங்கியது 140 ஆண்டுகளாக நடக்கிறது. இனியும் அதைத் தற்காலிகம் என்று சொல்லி ஆள் எடுப்பதை மாணவர்களிடம் எப்படி நியாயப்படுத்துவது?