வானம் பார்த்த இரு பூமிகள்

வானம் பார்த்த பூமி! பொன்னமராவதி வட்டாரத்து உழவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை. கண்மாய் நிறைந்தால் களம் நிறையும். கண்மாய் காய்ந்தால் வயிறு காயும். அண்ணாந்து பார்க்கும் அந்தக் கண்களிலே ஆண்டுதோறும் ஒரே வினா: மேகம் வருமா?

துணைக்கண்டத்தின் வடகோடியிலே மற்றுமொரு வானம் பார்த்த பூமி உண்டு, தோழர்களே! அங்கேயும் வானத்தைப் பார்க்கின்றனர். ஆனால் அங்கு எழும் வினாவோ நேர்மாறானது: மேகம் வராதிருக்குமா?

அவ்வூரின் பெயர் ஹன்லே. லடாக்கிலே, லே நகரிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவிலே, சீன எல்லையை ஒட்டிய சாங்தாங் பீடபூமியிலே கிடக்கும் சிற்றூர். தொட்டபெட்டாவின் தலைமேல் ஏற்காட்டைத் தூக்கி வைத்தாலும் அந்த உயரத்தை எட்டிப் பிடிக்க முடியாது. தென்றிசையிலிருந்து செல்லும் மழை மேகத்தை இமயம் மறித்துவிடுகிறது. மரமில்லாத மலை, ஈரமில்லாத காற்று, எலும்பைத் துளைக்கும் குளிர். அந்த வறண்ட மேட்டிலே ஆட்டையும் யாக் எருமையையும் ஓட்டிக்கொண்டு, மேய்ச்சல் நிலம் தேடி இடம் பெயர்ந்து வாழ்கின்றனர் சாங்பா மக்கள். சீமான்களின் தோளிலே தவழும் பஷ்மினா சால்வை இருக்கிறதே, அதன் மூலப்பொருள் அந்த ஏழை மேய்ப்பன் வளர்க்கும் ஆட்டின் உடலிலிருந்து சீவி எடுத்த மென்மயிர்! மயிரைத் தருபவன் குளிரிலே. மாலையாய் அணிபவன் மாளிகையிலே!

வறட்சியே அவ்வூருக்கு ஒரு பெருமையையும் தேடித் தந்தது. காற்றிலே ஈரம் இருந்தால் விண்ணிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அது விழுங்கிவிடும். ஈரமும் இல்லை, ஊர் வெளிச்சமும் இல்லை என்றால் விண்மீன்கள் தம் கதையைத் தாமே சொல்லும். 1899-இல் கொடைக்கானலிலே தொடங்கிய வானாய்வு, பின்னர் சவ்வாது மலையிலே காவலூருக்கு வந்தது; அங்கிருந்து மேகமற்ற வானத்தைத் தேடி ஹன்லேக்கு ஏறியது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனம், 4,500 மீட்டர் உயரத்திலே, 2 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கியை நிறுவியது. 2000-ஆம் ஆண்டிலே அது முதன்முதலாக விண்ணொளியைக் கண்டது.

இதிலே ஒரு விந்தையைக் காணுங்கள். ஹன்லேயில் நிற்கும் அந்தத் தொலைநோக்கியை இயக்குவோர் ஹன்லேயில் இருக்க வேண்டியதில்லை. பெங்களூரை அடுத்த ஹோசகோட்டையிலே அமர்ந்துகொண்டு, செயற்கைக்கோளின் வழியே அதனைத் திருப்புகின்றனர், நிறுத்துகின்றனர். அறிவியலின் அருஞ்செயல்! கைதட்டி வரவேற்கிறோம்.

ஆனால், தோழர்களே, கருவியைத் தொலைவிலிருந்து இயக்கலாம், மக்களை இயக்கலாமா? ஆடியைத் திருப்புவதுபோல் ஆட்களைத் திருப்பலாமா?

திருப்பினார்கள்! 2019 ஆகஸ்டிலே நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. அக்டோபர் 31-ஆம் நாள் லடாக், சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதியாயிற்று. அதற்கு முன்பு ஜம்மு-காஷ்மீர் சட்டமன்றத்திலே அவர்களுக்கு நான்கு இடங்கள் இருந்தன. நான்கும் போயின. தமிழ்நாட்டின் பரப்பிலே ஏறத்தாழப் பாதி அளவுள்ள நிலத்தை நிர்வகிக்க டில்லி ஒரு துணைநிலை ஆளுநரை அமர்த்தியது. மக்கள் அமர்த்த ஒரு சட்டமன்றத்தைத் தரவில்லை.

"லே மக்கள்தாமே தனிப்பகுதி கேட்டனர்? அறிவிப்பைக் கேட்டு ஆடிப்பாடினரே?" என்பர் சிலர். உண்மை, மறைக்கவில்லை. பல்லாண்டு கேட்டனர், லேயிலே மகிழ்ந்தனர். ஆனால் தனிக்குடித்தனம் கேட்ட தம்பிக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுச் சாவியை மட்டும் தன் மடியிலே முடிந்துகொள்ளும் அண்ணனை என்னவென்பது? புதுவையும் ஒன்றியப் பகுதிதான். அங்கே மக்கள் தேர்ந்தெடுக்கும் முப்பது பேர் கொண்ட சட்டமன்றம் இருக்கிறது. புதுவைக்குப் பொருந்துவது லடாக்குக்குப் பொருந்தாதா? "மலை மன்றம் இருக்கிறதே" என்பர். லேயிலே 1995 முதல் இருக்கிறது. அது சாலை போடலாம், பள்ளி நடத்தலாம். சட்டம் இயற்ற இயலாது.

எனவேதான் அவர்கள் மாநிலத் தகுதி கேட்டனர்; அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணையைக் கேட்டனர். அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளுக்கு, நிலத்தையும் காட்டையும் பற்றித் தாமே விதி வகுக்கும் உரிமையைத் தருவது அந்த அட்டவணை. மேய்ச்சல் நிலமே உயிராய்க் கொண்ட சாங்பா மேய்ப்பனுக்கு அது ஏட்டுச் சுரைக்காய் அன்று. அவனுடைய ஆட்டின் புல்! 2024 மார்ச்சிலே சோனம் வாங்சுக் 21 நாள் உண்ணாநோன்பு இருந்தார். 2025 செப்டம்பர் 24-இல் லே வீதியிலே கிளர்ச்சி மூண்டது, தீ எழுந்தது, துப்பாக்கி பேசியது, நால்வர் மாண்டனர். தீ வைப்பை நாம் ஏற்கோம். ஆனால் ஆறாண்டு கேட்டும் திறவாத செவிக்குப் பொறுப்பே இல்லையா?

கேட்கும் முறையிலே கேட்டால் அந்த மக்கள் கொடுப்பவர்கள். 2022-இல் ஹன்லேயைச் சூழ்ந்த 1,000 சதுர கிலோமீட்டருக்கும் மிகுந்த பரப்பு இருள்வான் காப்பகம் ஆயிற்று. நிர்வாகமும், லே மலை மன்றமும், வானியற்பியல் நிறுவனமும் உடன்படிக்கை செய்துகொண்டன. ஊரார் விளக்குகளுக்கு மறைப்பிட்டனர், சன்னல்களுக்குத் திரையிட்டனர். ஊர் இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற்று, வருவோர்க்கு விண்மீன் காட்டும் வழிகாட்டிகள் ஆயினர். உலகம் விண்ணைக் காணத் தம் வீட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டனர்! கலந்து பேசினால் இருளையும் பரிசாகத் தருவர். கட்டளையிட்டால் வீதிக்கு வருவர். ஆளவந்தோர் அறியவேண்டிய பாடம் இதுதான்.

"பொன்னமராவதிக்கும் ஹன்லேக்கும் என்னய்யா உறவு?" என்று கேட்கலாம். உறவு உண்டு. இந்த மண் ஒரு காலத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானம். 1948 மார்ச்சிலே அது சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அரண்மனை வாசலில் மனுவோடு நின்ற மக்களின் சார்பாளர்கள், 1952 தேர்தலுக்குப் பின் சட்டமன்றத்திலே சமமாக அமர்ந்தனர். இங்கே இணைந்ததால் இடம் கிடைத்தது. அங்கே பிரிந்ததால் இடம் பறிபோனது. மனுக் கொடுப்பவனுக்கும் வாக்குக் கொடுப்பவனுக்கும் உள்ள வேற்றுமையை நம் பாட்டன்மார் அறிவர். பேரப்பிள்ளைகள் மறக்கலாமா?

ஆகவே தோழர்களே, தெருமுனைக் கூட்டத்திலே மாநில உரிமையைப் பேசும்போது ஹன்லேயின் பெயரையும் சொல்லுங்கள். 'எட்டாத ஊர்' என்று ஏதும் இல்லை. அரியணையிலிருந்து அளந்தால்தான் ஊர் தொலைவு. அங்கே வாழ்பவனுக்கு அவன் ஊரே உலகின் நடு. கோடானுகோடி மைல்களுக்கு அப்பாலுள்ள விண்மீனின் மினுக்கத்தைக் காணும் கருவியை அந்த மேட்டிலே நட்டுவைத்த நாடு, அம்மேட்டின் அடிவாரத்திலே நிற்கும் மனிதனின் முகத்தையும் காணக் கற்கட்டும்!