உச்ச ஸ்தாயியும் ஒரு கீழ்ப் பஞ்சமமும்

பெங்களூரில் நம்ம ஜனங்கள் நாற்பது குடும்பம் சேர்ந்து ஒரு பொங்கல் விழா வைத்தால், அதில் குழந்தைகளுக்குப் பாட்டுப் போட்டி கண்டிப்பாக உண்டு. எந்த இடத்தில் கைதட்டல் விழும் என்று சொல்ல ஜோசியம் தெரியவேண்டியதில்லை. கழுத்து நரம்பு புடைக்க, பிள்ளை உச்சியில் போய் நாலு விநாடி நின்றால் போதும், முதல் பரிசு கையில். 'ஹை பிட்ச்' எடுத்தால்தான் பாடகர் என்று டிவி போட்டிகள் நம்மை நன்றாகவே பழக்கிவிட்டன. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது.

உடனே சண்டைக்கு வராதீர்கள் :-) மேலே பாடுவது மட்டம் என்று சொல்ல வரவில்லை. கிட்டப்பாவையும் கே.பி.சுந்தராம்பாளையும் கேட்டு வளர்ந்த வீட்டிலிருந்து வந்தவன் அப்படிச் சொல்ல முடியுமா?

செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா 1906-ல் பிறந்து 1933-ல், 27 வயதில் போய்விட்டார். மிச்சம் இருப்பது கொஞ்சம் இசைத்தட்டுகள்தான். அந்தக் கரகரப்பையும் தாண்டி அந்தக் குரல் வந்து நிற்கிறது. கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாள் 1965-ல் 'திருவிளையாடல்' படத்தில் ஔவையாராக வந்து பாடியபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். அப்போதும் மேல் ஸ்தாயியில் ஒரு சிரமம் தெரியவில்லை.

ஆனால் இவர்கள் ஏன் அவ்வளவு மேலே பாடினார்கள்? காரணம் ரொம்ப எளிது. இவர்கள் மேடை ஏறிய காலத்து நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்டாக வேண்டும். நம் காது 2000-லிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் மிகக் கூர்மையாகப் பிடிக்கும். கணீரென்று மேலே ஒலிக்கும் குரலில் அந்தப் பகுதி தூக்கலாக இருப்பதால் கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகும். மேற்கே ஆபரா பாடகர்களும் மைக் இல்லாமலே வாத்தியக் கூட்டத்தைத் தாண்டிக் கேட்பதற்கு, 3000 ஹெர்ட்ஸ் பக்கம் அவர்கள் குரலில் சேரும் பலம்தான் காரணம்.

எவ்வளவு மேலே என்று ஒரு கணக்குப் பார்ப்போம். இன்று கர்நாடக சங்கீதம் பாடும் ஆண்களில் பலர் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடுகிறார்கள். அன்றைய நாடக மேடையில் ஆண்களே நாலு, ஐந்து கட்டையில் பாடினார்கள். ஒரு கட்டைக்காரர் எட்டிப் பிடிக்கும் மேல் பஞ்சமம் சுமார் 392 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டைக்காரருக்கு அதுதான் மேல் ஷட்ஜமம். இவர் ஏறி முடிக்கிற இடத்திலிருந்து அவர் ஏறத் தொடங்குவார்!

பிறகு மைக் வந்தது. அது என்ன செய்தது என்பதைப் பார்க்க பெங்களூரை விட நல்ல இடம் இல்லை. கன்னடர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ராஜ்குமார் நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவர். குப்பி வீரண்ணா கம்பெனியிலும் இருந்தவர். பாடத் தெரிந்த அந்த நடிகருக்கே சினிமாவில் பல வருடம் குரல் கொடுத்தவர் பி.பி.ஸ்ரீநிவாஸ். ஆமாம், நம்ம ஜெமினி கணேசனுக்குப் பாடிய அதே பி.பி.எஸ்.தான். காதோடு பேசுகிற மாதிரி, கீழே இழையும் குரல். நாடகக் கொட்டகையில் அந்தக் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டியிருக்காது. மைக் முன்னால் அது இரண்டு மாநிலத்தை ஆண்டது. 1974-ல் 'சம்பத்திகே சவால்' படத்துக்குப் பிறகு ராஜ்குமார் பெரும்பாலும் தானே பாடினார். 1992-ம் ஆண்டுக்கான தேசிய விருதையும் 'ஜீவன சைத்ரா' படப் பாட்டுக்காக வாங்கினார். இந்த ஊர் இரண்டு குரலையும் கொண்டாடியது. எது உயரம் என்று யாரும் டேப் வைத்து அளக்கவில்லை.

எஸ்.ஜானகியை எடுத்துக்கொள்ளுங்கள். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு மேலே போனவர். அதற்காக மட்டுமா அவரை நினைவு வைத்திருக்கிறோம்? குழந்தையாகவும் பாடினார், கிழவியாகவும் பாடினார், ரகசியம் சொல்கிற மாதிரியும் பாடினார். அதுதான் குரலின் விரிவு. வீட்டுக்கு மாடி இருந்தால் சந்தோஷம். அதற்காகக் கூடத்தையும் திண்ணையையும் இடித்துவிட முடியுமா?

இதெல்லாம் ரசனை விவகாரம், விடு என்று விட்டிருப்பேன். குழந்தைகள் விஷயமாக இருப்பதால்தான் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பையன், 13 வயது. குரல் உடைகிற பருவம். அந்த வயதில் குரல்வளை வளர்ந்து, ஆண் பிள்ளைகளுக்குக் குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். போன வருஷம் பரிசு வாங்கிய அதே பாட்டை அதே சுருதியில் பாடு என்று வீட்டில் கட்டாயம். பையன் கத்திக் கத்தி, தொண்டை கட்டி, இப்போது பாட்டு என்றாலே எழுந்து போய்விடுகிறான். குரலை இப்படித் தொடர்ந்து பலவந்தம் செய்தால் குரல் நாணில் சின்னச் சின்ன முடிச்சுகள் விழும் என்று எந்தக் காது-மூக்கு-தொண்டை டாக்டரும் சொல்வார். அப்புறம் மாதக்கணக்கில் ஓய்வும் பயிற்சியும்தான்.

சொந்த ஊரை விட்டு வந்த நமக்குப் பிள்ளைகள் தமிழில் பாடுவதே பெரிய நிம்மதி. இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. பாட்டு வழியாகத்தான் மொழி நாக்கில் உட்காருகிறது. அதையும் கைதட்டலுக்காக விரட்டி அடித்துவிட்டால் நஷ்டம் யாருக்கு?

பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயி. நம் சங்கீதத்துக்கு அது தாராளமாகப் போதும். இரண்டு முனையும் இறுக்கமில்லாமல் கேட்கிற சுருதி எதுவோ, அதுதான் அந்தப் பிள்ளையின் சுருதி. அது வருஷா வருஷம் மாறலாம். குரல் உடைகிற வயதில் பாட்டு வாத்தியார் சுருதியை இறக்கச் சொன்னால், தயவுசெய்து முகத்தைச் சுளிக்காதீர்கள். போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தால், உச்சியைக் கேட்டு முடித்த பிறகு, "கண்ணு, இப்போ கீழ்ப் பஞ்சமம் கொஞ்சம் பாடிக் காட்டு" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். யாருக்குக் குரல் இருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.