தொழில் பக்கம்: தேனீக்கு எந்தப் பெட்டி?



“தேனீ வளர்க்க ஆசையாய் இருக்குது அக்கா. ஆனால் எந்தப் பெட்டியை வாங்கிறது?” என்று நானுஓயாவில் எங்கள் தோட்டத்துத் தங்கை ஒருவர் கேட்டார். அவருடைய பெற்றோர் 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள். அவர் கணவரை இறுதி யுத்தத்தில் இழந்து, இரண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்து, சின்னம்மாவின் லயக் காம்பராவில் இருக்கிறார். கையில் இருந்தது வாழ்வாதார உதவியாகக் கிடைத்த சிறு தொகை. தவறான பெட்டிக்கு அதைக் கொடுத்துவிட்டால் இன்னொரு முறை கிடைக்காது. உங்களில் பலருடைய நிலையும் இதுவே. அதனால் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். செலவைக் குறைக்க நினைத்து, பழைய தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகையில் ஒரு பெட்டி அடித்து, மேலே தகரம் போட்டு மூடினேன். மரப்பொந்தில் இருந்த கூட்டைக் கொண்டுவந்து வைத்தேன். மூன்றாம் நாள் மதியம் இராணியோடு எல்லாம் எழுந்து போய்விட்டன. கோழியை அடைக்கலாம், மாட்டைக் கட்டலாம். தேனீயைப் பிடித்து வைக்க முடியாது. இடம் ஒத்துவராவிட்டால் அது இருக்காது. ஆகவே பெட்டி நமக்கு வசதியாக இருந்தால் மட்டும் போதாது, தேனீக்கு ஒத்ததாக இருக்க வேண்டும்.

எந்தத் தேனீ?

மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் குளவியும், உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் ஒற்றை அடை கட்டும் பெருந்தேனீயும் கொட்டி, உயிர் போனதும் உண்டு. அதனால் தேனீ என்றாலே லயத்தில் பயம். பெட்டியில் வளர்ப்பது இவற்றை அல்ல. மரப்பொந்து, புற்று, பாறை இடுக்கு போன்ற இருட்டான இடத்தில் பல அடைகளை வரிசையாகக் கட்டும் சிறிய நாட்டுத் தேனீயைத்தான் பெட்டியில் வளர்க்கிறோம். இதை அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே விளக்குங்கள். இதுவும் கொட்டும். கொட்டினால் மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு வருகிறவர்கள் இத்தொழிலில் இறங்கக் கூடாது.

பானையா, பெட்டியா?

எங்கள் முன்னோர் மண்பானையில் தேனீயைக் குடிவைத்தார்கள். பானைக்குச் செலவில்லை, இருட்டும் உண்டு. ஆனால் தேன் எடுக்க அடையை வெட்ட வேண்டும். வெட்டும்போது முட்டையும் புழுவும் சேர்ந்து அழியும், கூடு நலியும். சட்டங்கள் தொங்கும் பெட்டியில் அப்படியில்லை. குஞ்சுகள் கீழறையில் வளரும், தேன் மேலறையில் சேரும். மேற்சட்டத்தை மட்டும் எடுத்து, தேனைப் பிரித்து, அடையைத் திருப்பி வைக்கலாம். தேனை விற்க எண்ணுகிறவர் சட்டப் பெட்டியையே வாங்க வேண்டும். பானையைக் காட்டுக் கூட்டம் தானாக வந்து தங்குவதற்கான பொறியாக வைக்கலாம்.

அளவுதான் முக்கியம்

அமெரிக்காவில் லாங்ஸ்ட்ரோத் என்ற பாதிரியார் 1851ஆம் ஆண்டு ஒரு விஷயத்தைக் கண்டார். சட்டங்களுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே தேனீ நடக்க ஒரு குறிப்பிட்ட இடைவெளி இருந்தால், அதை அது அடைக்காமல் வழியாக விட்டுவிடும். இடைவெளி கூடினால் அங்கும் அடை கட்டும். குறைந்தால் தேனீ நுழைய முடியாது, சட்டத்தைத் தூக்கும்போது நசுங்கும். அவருடைய அளவு பெரிய ஐரோப்பியத் தேனீக்கு உரியது. நம் தேனீ அதைவிடச் சிறியது, கூட்டமும் சிறியது. தென்னிந்தியாவில் நியூட்டன் என்ற பாதிரியார் 1910களில் நாட்டுத் தேனீக்கென்று சிறிய பெட்டியை அமைத்துக் கிராமத்து மக்களைப் பழக்கினார். மார்த்தாண்டத்தில் 1920களில் வேரூன்றிய தேனீ வளர்ப்பும் இத்தகைய சிறிய பெட்டிகளால் வளர்ந்ததுதான்.

எனவே “பெரிய பெட்டி, நிறையத் தேன்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பக்கத்துப் பக்கத்துச் சட்டங்களின் நடுப்பகுதிகளுக்கிடையே ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம் இருக்க வேண்டும். கடையில் அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

நானுஓயாக் குளிருக்கு

நானுஓயா 5,000 அடிக்கு மேல் உள்ள ஊர். தேனீக் குஞ்சு வளர 33 முதல் 35 பாகை செல்சியஸ் வரை சூடு தேவை. அந்தச் சூட்டைத் தேனீக்களே தங்கள் உடம்பால் உண்டாக்குகின்றன. இடம் பெரிதாக இருந்தால் சூடு நிற்காது. கூட்டம் சிறிதாக இருக்கும்போது பெட்டிக்குள் ஒரு தடுப்புப் பலகை வைத்து இடத்தைச் சுருக்குங்கள். பெருகப் பெருகப் பலகையைத் தள்ளி, ஒவ்வொரு சட்டமாகக் கூட்டுங்கள்.

பலகை நன்கு காய்ந்து, ஓர் அங்குலத் தடிப்பாவது இருக்கட்டும். உள்ளே வர்ணமோ வார்னிஷோ பூசக் கூடாது. மூட்டுக்களில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஐரோப்பியத் தேனீ மரப்பிசினால் வெடிப்பை அடைக்கும், நம் தேனீ அடைக்காது. அந்த வெடிப்பில் குளிர் நுழையும், மெழுகு அந்து முட்டையிடும்.

மூடி மரத்தால் ஆகி, மழை வழியச் சரிவாக இருக்க வேண்டும். அதன் மேல் தகரம் போடலாம். தகரம் மட்டும் போதாது. தகரக் கொட்டிலில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பகலில் அவிக்கும், விடியலில் விறைக்கும்.

பழைய பெட்டி மலிவாகக் கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். தென்னிந்தியாவில் 1990களின் தொடக்கத்தில் வைரஸ் நோயொன்று நாட்டுத் தேனீக் கூடுகளில் பெரும்பகுதியை அழித்தது. முன்பிருந்த கூடு எப்படிப் போனது என்று விசாரியுங்கள். வாங்கினால் சுரண்டிக் கழுவி, உட்புறத்தை நெருப்பில் வாட்டி எடுங்கள்.

வாசல் காலை வெயிலைப் பார்க்கட்டும், காற்று நேரே அடிக்க வேண்டாம். முழங்கால் உயரக் காலில் நிறுத்தி, கால்களின் கீழ் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது. பிள்ளைகள் ஓடும் வழியும் கொழுந்து மலைக்குப் போகும் பாதையும் தள்ளியிருக்கட்டும். மரக்கறித் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் நாளைக் கேட்டு வையுங்கள்.

எங்கே கற்பது?

விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவு பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் இருக்கிறது. இதைச் சொன்னதும் தங்கையின் முகம் மாறியது. 2000 ஒக்ரோபர் 25ஆம் திகதி அங்கிருந்த புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்கள் 25 பேருக்கு மேல் கொல்லப்பட்டதை எங்களில் யார் மறந்தோம்? “அந்த ஊருக்கா போகச் சொல்லுறீங்கள்?” என்றார். நான் வற்புறுத்தவில்லை. இரண்டு வாரம் கழித்து அவரே வந்து, “நீங்களும் வந்தால் போவம்” என்றார். நானுஓயாவில் ரயில் ஏறினோம். வழியில் அவர் அதிகம் பேசவில்லை. அங்கே திறந்த பெட்டியருகே நின்று சட்டத்தைக் கையில் வாங்கியபோது, கேள்விமேல் கேள்வி கேட்டவர் அவர்தான்.

அவர் ஒரே ஒரு பெட்டி வாங்கினார். மீதிப் பணத்தை வைத்திருக்கிறார். நீங்களும் ஒன்றோடு தொடங்குங்கள். கூட்டை வைத்த பிறகு தினமும் திறந்து பார்க்காதீர்கள். தொந்தரவு கூடினாலும் அது எழுந்து போகும். வெளியில் இருந்தே வாசலைக் கவனியுங்கள். தேனீக்கள் கால்களில் மஞ்சள் மகரந்தம் சுமந்து உள்ளே போனால், குஞ்சு வளர்க்கின்றன என்று அர்த்தம்.

ஒன்பதாம் நாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் தங்கை என் வாசலில் நின்று கூப்பிட்டார்.

“மஞ்சள் கொண்டு போகுதுகள். தங்கிட்டுதுகள் அக்கா.”

கூட்டைப் பிடித்துப் பெட்டிக்கு மாற்றும் முறையை அடுத்த இதழில் பார்ப்போம்.