மலை உச்சியில் அலறினால் யாருக்குக் கேட்கும்?

செயற்கைக்கோள் தொலைபேசியோடு இந்தியாவுக்கு வராதீர்கள் என்று விமானத்திலேயே பயணிகளை எச்சரிக்கும்படி 2025 ஜனவரியில் அரசினர் உத்தரவு போட்டார்கள். மலையேற வந்த வெளிநாட்டவர் சிலர் செயற்கைக்கோள் வழி இயங்கும் அவசரகாலக் கருவியோடு விமான நிலையத்தில் பிடிபட்டு அலைக்கழிக்கப்பட்ட பிறகு, இவர்களுக்குத் தோன்றிய பரிகாரம் இவ்வளவுதான். அந்தக் கருவியை ஏன் தடுக்க வேண்டும் என்ற கேள்வியைத் தொடவே இல்லை.

உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள் அது. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால், நாம் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே மீட்பு மையத்துக்குச் சொல்லிவிடும். சிவராத்திரியன்று வெள்ளியங்கிரி மலையில் ஒருவர் மயங்கி விழுந்தால் அது தேவைப்படாது. கூப்பிட்ட குரலுக்கு நூறு பேர் ஓடிவருவார்கள், டோலி கட்டித் தூக்கி இறக்குவார்கள். ஆனால் ஆளில்லாத இமயச் சரிவில் அபாய அடையாளமாக நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதலாம். கேட்க ஒரு காது வேண்டாமா? உத்தராகண்டின் சஹஸ்திரதால் பாதையில் 2024 ஜூனில் பனிப்புயலில் சிக்கிய கர்நாடகக் குழுவில் 9 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட இடங்களில் கைபேசி வெறும் கண்ணாடித் துண்டு.

2008 மும்பைத் தாக்குதலில் செயற்கைக்கோள் தொலைபேசி பயன்பட்டது உண்மை. அந்த அச்சத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் பையைத் திறந்து சோதனைக்காரர் முன் கருவியை எடுத்து வைக்கிறவரா பயங்கரவாதி? அனுமதி பெற்று வைத்திருக்கலாமே என்பார்கள். நான்கு நாள் மலையேற வருகிறவர் அனுமதிக்காக எத்தனை வாசலில் நிற்பது? 1885-லும் 1933-லும் எழுதிய தந்திச் சட்டங்களைக் காட்டி 2025-இல் உயிர்காக்கும் கருவியைப் பறிப்பது நிர்வாகம் ஆகாது.

கடலிலும் அரசினர் இப்படித்தான் நடந்துகொண்டார்கள். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர், வள்ளவிளை போன்ற கடற்கரை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. படகிலிருந்து அபாயச் செய்தி அனுப்பும் இஸ்ரோ கருவி 2010 முதலே இருந்தது. ஆனால் செய்தி கரைக்குக் கிடைத்தது என்ற பதில் படகுக்கு வராது. பதில் தரும் இரண்டாம் தலைமுறைக் கருவி வருவதற்கு 2024 ஆகிவிட்டது. அதற்குள் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது! கரையில் கதறிய தாய்மாரின் முகத்தைக்கூட இவர்கள் மறந்துவிட்டார்கள்.

பெயரைப் பதிந்துகொண்டு கருவியைக் கையில் கொடுக்க ஒரு வழி காணுங்கள். ஒவ்வொரு கோடையிலும் இமயத்தில் மலையேற்றம் தொடங்கிவிடுகிறது. அந்தக் கருவி இன்னும் குற்றப் பொருளாகவே இருக்கிறது.